இருட்டு ரீடிங்

இப்படி வந்து உக்காருங்க சார், இங்க நிழல் இருக்கு. தருமபுரி பஸ் இப்பத்தான் போச்சு. அடுத்தது வர முக்கால் மணி நேரமாகும். அதுவரைக்கும் பேசலாம். எனக்கும் ஷிஃப்ட் முடிஞ்சு போச்சு.

வாட்ச்மேன் வந்து, "சம்பங்கி அண்ணே, உங்களைப் பாக்க ஒருத்தர் வந்திருக்கார், எழிலரசி மேடத்துக்கு மாப்பிள்ளை வீடாம்"னு சொன்னப்ப எனக்கு ஒண்ணும் ஓடலை. என்னைய எதுக்குக் கேக்கறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் சரின்னு தோணுச்சு. இருபத்தாறு வருஷமா இந்த லேப்ல இருக்கறவன். யாரோ ஊர்ல சொல்லியிருப்பாங்க, சம்பங்கியைக் கேட்டா தெரியும்னு. தங்கச்சி மகனா பையன்? ஓசூர்லயே வேலையா? நல்லது, நல்லது.

பொண்ணு எப்படின்னா... நல்ல பொண்ணுதான். நான் யாரைப் பத்தியும் குறை பேசற ஆள் இல்ல. லேப்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆனா கல்யாண விஷயம். நாளைக்கு நீங்க என் முகத்துல முழிச்சு, "ஏம்பா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டுடக் கூடாது பாருங்க. அதனால இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லிடறேன்.

கொஞ்சம் பிடிவாதம். வீட்டுக்குப் போற நேரமெல்லாம் கணக்கு கிடையாது. சமையல் தெரியுமான்னு எனக்குத் தெரியாது, டிபன் பாக்ஸ்ல தினம் தயிர்சாதம்தான் பாத்திருக்கேன். எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசும், ஆம்பளைங்ககிட்டயும்தான். தப்பா இல்ல, தப்பா சொல்லலை. சொல்றேன், அவ்வளவுதான். அப்புறம் எல்லா வேலையும் தானே செய்யணும். அடுத்தவன் ஒருத்தன் நிக்கறான், அவனுக்கும் கை இருக்குன்னு தோணாது.

நீங்க கரண்ட் ஆபீஸ்ல லைன்ல இருந்து ரிட்டயர் ஆனவரா? அப்ப உங்களுக்குச் சொன்னா புரியும். இல்லாட்டி எங்க வேலையை வெளியில யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. என் வீட்டுக்காரியே இன்னும் நான் கேமரா ரிப்பேர் பண்றேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா.

ஒரு ஊர்ல பத்தாயிரம் பல்பு எரியுதுன்னு வைங்க. நீங்க மலை மேல நிக்கறீங்க. ஊர் மொத்தமும் ஒரே வெளிச்சமாத்தான் தெரியுது. அதுல ஒரே ஒரு பல்பு அணைஞ்சு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எரியுது. அங்கேருந்து பாத்து, இப்ப ஒண்ணு அணைஞ்சதுன்னு நீங்க சொல்லணும். முடியுமா? அதுதான் வேலை. எங்கயோ ஒரு நட்சத்திரம். அதைச் சுத்தி நம்ம பூமி மாதிரி ஒண்ணு சுத்துது. அது நட்சத்திரத்துக்கு முன்னாடி போறப்ப வெளிச்சத்துல பத்தாயிரத்துல ஒரு பங்கு குறையும். வானத்துல போற டெலஸ்கோப் அதைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கற கண்ணு ஒண்ணு இருக்கு, டிடெக்டர்னு சொல்லுவோம், தீப்பெட்டி அட்டை அளவுதான் இருக்கும். அந்தக் கண்ணு சரியா இருக்கான்னு மேல அனுப்பறதுக்கு முன்னாடி சோதிக்கறது எங்க லேப்.

எப்படி சோதிக்கறது? முதல்ல இருட்டுல. ஒரு இரும்புப் பெட்டி, சேம்பர்னு பேரு. உள்ள காத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, லிக்விட் நைட்ரஜன் விட்டு குளிர வச்சு, சுத்தமா இருட்டாக்கிட்டு டிடெக்டரைக் கேப்போம், "உனக்கு என்ன தெரியுது?"ன்னு. ஒண்ணும் தெரியலைன்னு அது சொல்லணும். இருட்டுல இல்லாத வெளிச்சத்தை இருக்குன்னு சொல்ற கண்ணை வச்சுக்கிட்டு எந்தக் கிரகத்தைத் தேடறது? ஒரு மணி நேரத்துக்கு ஒரு புள்ளியில நாலு எண்ணிக்கை வரலாம், அஞ்சு வரலாம். அதுக்கு மேல வரக்கூடாது. இதுக்கு இருட்டு ரீடிங்னு பேரு. இருபத்தாறு வருஷமா அந்த ரீடிங் என் கையால எடுத்தது சார். பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்கள்லாம் வருவாங்க, பேப்பர்ல கணக்குப் போடுவாங்க, கடைசியில என்கிட்ட வந்து, "சம்பங்கி, இப்ப என்ன பண்ணலாம்?"னு நிப்பாங்க. டைரக்டர் கிருபாநிதி சாரே அப்படித்தான். காலையில வந்ததும் முதல்ல என் ரூம் வாசல்ல நின்னு, "என்ன சம்பங்கி, சேம்பர் என்ன சொல்லுது?"ன்னு கேட்டுட்டுத்தான் மேல போவார்.

போன வருஷம் ஆடி முடிஞ்சு இந்தப் பொண்ணு வந்துச்சு. ஜெர்மனியில படிச்சுட்டு. வந்த மறுநாளே ஏப்ரனை மாட்டிக்கிட்டு, கிளவுசைப் போட்டுக்கிட்டு, "அண்ணா, நைட்ரஜன் ஊத்தறதைக் கத்துக்குடுங்க"ன்னு நின்னுச்சு. மேடம், நீங்க எதுக்கு இதெல்லாம்னேன். கேக்கலை. மூணே நாள்ல கத்துக்கிச்சு. எனக்கு ஆறு மாசம் ஆச்சு அந்தக் காலத்துல. புகை வர்றப்ப நான் இன்னும் முகத்தைத் திருப்பிக்குவேன், அது திருப்பாது.

ரெண்டாவது வாரத்துல கிருபாநிதி சார் காலையில வந்தார். என் ரூம் வாசலைத் தாண்டி நேரா அந்தப் பொண்ணு மேஜைக்குப் போனார். "என்ன எழில், சேம்பர் என்ன சொல்லுது?"ன்னார். அதே வார்த்தை சார். ஒரு எழுத்து மாறலை.

பொறாமையா? ச்சே ச்சே. எனக்கு எதுக்குப் பொறாமை? என் வயசென்ன, அது வயசென்ன? என் பெரிய பொண்ணை விட நாலு வயசுதான் கூட.

அப்புறம் ஒரு நாள் சொல்லுச்சு, "சம்பங்கி அண்ணா, இனிமே ரீடிங் எல்லாம் கம்ப்யூட்டரே எடுத்துக்கும். புரோகிராம் எழுதிட்டேன். நீங்க ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் சிரமப்பட வேண்டாம்." சிரமம்னு நான் எப்பவாவது சொன்னேனா? கதவுல ஒரு காகிதமும் ஒட்டிடுச்சு: டெஸ்ட் ஓடும்போது யாரும் உள்ளே போகவோ எதையும் தொடவோ வேண்டாம்னு. யாரும்னா யாரு? அந்த ரூம்ல தொடறதுக்கு வேற யார் இருக்கா? சரி, தொட வேண்டாம்னு சொன்னீங்க, தொடலை. அன்னியிலிருந்து நான் ஒண்ணையும் தொடலை.

அந்த சமயத்துலதான் பெரிய டிடெக்டர் வந்துச்சு. நாலு நாடு சேந்து அனுப்பற டெலஸ்கோப்புக்கு. கார்த்திகை கடைசிக்குள்ள ரிசல்ட் குடுத்தாகணும். இல்லாட்டி வேலை வேற நாட்டு லேபுக்குப் போயிடும். எங்க லேபுக்கு அது ஒண்ணுதான் கையில இருந்த வேலை. அது போச்சுன்னா காண்ட்ராக்ட்ல இருக்கற ஏழு பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முதல் இருட்டு ரீடிங் எடுத்துச்சு. நாலு வரணுமா? நாற்பது வந்துச்சு.

மறுபடி எடுத்துச்சு. நாற்பது. மறுநாள் நாற்பத்தொண்ணு.

அந்தப் பொண்ணு சேம்பரைச் சுத்தி இருக்கற ஒவ்வொரு இடுக்குலயும் கறுப்பு டேப் ஒட்டுச்சு. வெளியிலிருந்து வெளிச்சம் புகுதோன்னு கறுப்புத் துணி போட்டு மூடுச்சு. பொணத்துக்குப் போட்ட மாதிரி. ஒயரை மாத்துச்சு. சேம்பர் ஜன்னல் கண்ணாடியைக் கழட்டி, இரும்புத் தகட்டைப் போட்டு அடைச்சுச்சு. ஒவ்வொரு தடவையும் சேம்பரைத் திறந்து மூடி மறுபடி குளிர வைக்க ரெண்டு நாள் ஆகும். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா நாற்பது. அதைப் பாக்கறப்ப அது முகம் எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க? ஒண்ணும் இருக்காது. எழுதி வச்சுக்கும். "சரி, இது இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்பேனரை எடுக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கலை. ஒரு தடவையாவது உக்காந்து தலையில கை வைக்க வேணாமா மனுஷன்னா?

என்ன காரணம்னு கேக்கறீங்களா? சொல்றேன். சேம்பருக்குள்ள எவ்வளவு காத்து மிச்சம் இருக்குன்னு பாக்க ஒரு கேஜ் உண்டு. அதுக்குள்ள சின்னதா ஒரு பிலமெண்ட், நம்ம குண்டு பல்புல இருக்கற மாதிரி. அது லேசா கனலும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா டிடெக்டருக்குத் தெரியும். பெட்டிக்குள்ளயே ஒரு விளக்கை ஏத்தி வச்சுட்டு வெளியில டேப் ஒட்டினா என்ன ஆகும்? அதோட சுவிட்ச், மெஷினெல்லாம் அடுக்கியிருக்கற ராக்குக்குப் பின்னாடி இருக்கு. முன்னல்லாம் இருட்டு ரீடிங்குக்கு முன்னாடி நான் போய் அதை அணைச்சுட்டு வருவேன். யாருக்கும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. கை அது பாட்டுக்குச் செய்யும். இப்பத்தான் தொட வேண்டாம்னு காகிதம் ஒட்டியாச்சே.

நானும் மறந்துட்டேன் சார். அவ்வளவு பழக்கமான விஷயம் பாருங்க, மறந்தே போச்சு. ராக்குக்குப் பின்னாடி அந்த சுவிட்சோட பச்சை லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு, தினம் பாத்தேன். பாத்தேன்னா, அந்தப் பக்கமாப் போறப்ப கண்ணுல படும்ல, அதைச் சொல்றேன்.

நாற்பது வர ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம், அந்தப் பொண்ணு என் ரூமுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துச்சு. கையெல்லாம் டேப் பசை. "அண்ணா, எனக்கு ஒண்ணும் பிடிபடலை. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"ன்னு கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் என்னம்மா, பத்தாவதும் ஐடிஐயும் படிச்சவன். எனக்கு என்ன தெரியப்போகுது?"ன்னேன்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு. நான் சொன்னதுல என்ன தப்பு? உண்மையைத்தானே சொன்னேன்? பத்தாவதும் ஐடிஐயும்தானே படிச்சிருக்கேன்?

மூணாவது வாரம் மீட்டிங். கிருபாநிதி சாருக்கு மேலயிருந்து நெருக்கடி. எல்லார் முன்னாடியும், "எழில், டிடெக்டரை மாட்டினது நீங்கதானே? கையிலிருந்து ஸ்டாட்டிக் கரண்ட் பாஞ்சு கெட்டுப் போயிருக்கும். கெட்டுப் போச்சுன்னு எழுதித் திருப்பி அனுப்பிடலாம்"னுட்டார். அப்படி எழுதினா அந்தப் பொண்ணு பேர் அதோட முடிஞ்சுது. எந்த லேப்லயும் டிடெக்டரைத் தொட விடமாட்டாங்க. அதுக்கும் தெரியும். "என் தப்பா இருந்தா நானே எழுதிக் குடுக்கறேன் சார். இன்னும் நாலு நாள் மட்டும் குடுங்க"ன்னுச்சு. ஆனா மீட்டிங் முடிஞ்சு நான் படிக்கட்டுல இறங்கறப்ப பாத்தேன், நடுப்படியில தனியா உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்து வச்சிருக்கு. சாப்பிடலை. ஸ்பூனால சும்மா கிளறிக்கிட்டிருக்கு.

எனக்கு சந்தோஷமா இருந்துச்சான்னு நீங்க கேக்கலை, நானே சொல்றேன். இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் டீ குடிக்கப் போனேன், டீ நல்லா இல்ல. கடைக்காரன்கிட்ட சண்டை போட்டேன். வீட்டுக்குப் போய் ரசத்துல உப்பு இல்லைன்னு அவகிட்ட சண்டை போட்டேன். உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுன்னு சின்னவ சொன்னா.

மறுநாள் உங்க ஆளுங்க புண்ணியம் கட்டிக்கிட்டாங்க. ஆமா சார், உங்க டிபார்ட்மெண்ட்தான். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில ஒன்பது மணிக்கு கரண்ட்டை நிறுத்துவாங்கல்ல? கம்ப்யூட்டர், பம்ப், டிடெக்டர் எல்லாம் பேட்டரியில ஓடுச்சு. கேஜ் மட்டும் சாதா பாயிண்ட்ல சொருகியிருந்துச்சு. அது அணைஞ்சு போச்சு. புரோகிராம் அது பாட்டுக்கு ஒரு இருட்டு ரீடிங் எடுத்து வச்சிருக்கு. கரண்ட் வந்ததும் அந்தப் பொண்ணு பாத்துச்சு. நாற்பது, நாற்பது, நாற்பது, நாலு, மறுபடி நாற்பது.

வேற ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? கரண்ட் போனதால ரீடிங் கெட்டுப் போச்சுன்னு அந்த நாலை அழிச்சுட்டுப் போயிருப்பாங்க. இது அழிக்கலை. ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு ரூமைச் சுத்தி வந்துச்சு. கரண்ட் போனப்ப எதெல்லாம் அணைஞ்சிருக்கும்னு ஒவ்வொரு பிளக்கா பாத்து எழுதிக்கிட்டே. ஏ.சி., டியூப்லைட், கெட்டில், சுவர்க் கடிகாரத்தைக் கூட விடலை, அது செல்லுல ஓடறதுன்னு திருப்பிப் பாத்துட்டு வச்சுச்சு. கடைசியில ராக்குக்குப் பின்னாடி போச்சு. அங்கேயே நின்னுச்சு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் கையை நீட்டி அந்த சுவிட்சை அணைச்சுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு ரீடிங் வந்துச்சு. நாலு.

லேபே துள்ளுச்சு சார். காண்ட்ராக்ட் பசங்க விசிலடிச்சாங்க. நானும் கை தட்டினேன். ஏன் தட்டக்கூடாது?

ஆனா அந்தப் பொண்ணு அதோட விடலை. இது முன்னாடியும் நடந்திருக்குமேன்னு பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் புரட்டியிருக்கு. நான் எழுதின நோட்டு. ரெண்டாயிரத்து ஒன்பதுல நான் இதே பிரச்சினையில பதினோரு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கண்டுபிடிச்சப்ப சிவப்பு மையில எழுதி வச்சேன்: கேஜ் பிலமெண்ட் வெளிச்சம், இருட்டு ரீடிங்குக்கு முன் கட்டாயம் அணைக்கவும். கீழ கையெழுத்து, தேதி. அந்தப் பக்கத்துல விரலை வச்சுக்கிட்டு என் ரூமுக்கு வந்துச்சு.

"அண்ணா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

நோட்டை மூடுச்சு. அப்புறம் அதுவா சொல்லுச்சு, "மறந்திருப்பீங்க."

"ஆமாம்மா, மறந்துட்டேன்"னேன்.

"பரவாயில்லைண்ணா"ன்னு நோட்டை என் மேஜையில வச்சுட்டுப் போயிடுச்சு.

இதுதான் சார் எனக்கு ஆறலை. எனக்கு மறதியாம்! இருபத்தாறு வருஷத்துல ஒரு ஸ்க்ரூ எங்க வச்சேன்னு மறந்திருப்பேனா? அடுத்த மீட்டிங்ல அது செஞ்சதைக் கேளுங்க. எல்லார் முன்னாடியும் எழுந்து, "இதை சம்பங்கி அண்ணா ரெண்டாயிரத்து ஒன்பதுலயே கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்கார். நான் அவர் நோட்டைப் படிக்காம புரோகிராம் எழுதினேன். மூணு வாரம் வீணானது என்னால"ன்னுச்சு. கிருபாநிதி சார் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். ரிப்போர்ட்ல என் பேரு போட்டாங்க. எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கறாங்க. நான் எங்கே போய் முகத்தை வச்சுக்கறது? திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். என்னைக் காட்டிக் குடுத்திருந்தா, காகிதம் ஒட்டினது நீதானேன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். எதுக்கும் வழி விடலை. நல்ல பேரையும் தானே எடுத்துக்கிச்சு, எனக்கும் அதுவே ஒரு நல்ல பேரை எடுத்துக் குடுத்துடுச்சு. பாத்தீங்களா, எல்லாத்தையும் தானே செய்யணும்னு சொன்னேனே.

கடைசி டெஸ்ட் அன்னிக்கும் அப்படித்தான். உள்ள ஒரு விளக்கு வச்சு, அதுதான் நட்சத்திரம். அதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு குறைக்கணும். டிடெக்டர் கண்டுபிடிக்குதான்னு பாக்கணும். அதுக்கு ஒரு பட்டன். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. "அண்ணா, நீங்க அழுத்துங்க"ன்னு என்னைக் கூப்பிட்டுச்சு. வேண்டாம்மான்னேன். கையைப் பிடிச்சு இழுக்காத குறை. அழுத்தினேன். ஸ்கிரீன்ல கோடு நேராப் போய்க்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒரு இடத்துல லேசா, விரலால அமுக்கின மாதிரி ஒரு பள்ளம். திரும்ப நேராப் போச்சு.

இருபத்தாறு வருஷமா நான் இருட்டைத்தான் சார் பாத்திருக்கேன். இருட்டு சரியா இருந்தா என் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் டிடெக்டர் வேற ரூமுக்குப் போயிடும். அந்தப் பள்ளத்தை அன்னிக்குத்தான் பாத்தேன். எங்கயோ ஒரு பூமி இருந்தா இப்படித்தான் தெரியும்னு அந்தப் பொண்ணு காதுகிட்ட சொல்லுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதைக் கூட அது கையால வாங்கிப் பாக்க வேண்டியதாப் போச்சே, அந்தக் கோபம்தான்.

பஸ் வர்ற நேரமாச்சு. நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நான் குறையா ஒண்ணும் சொல்லலை.

என்ன சார்? ஊர்ல யாரும் சொல்லலையா? அப்ப என் பேரு எப்படித் தெரியும்?

அந்தப் பொண்ணா? அதுவே சொல்லுச்சா, என்னைப் போய்க் கேளுங்கன்னு?

ஏன், கிருபாநிதி சாரைச் சொல்லியிருக்கலாமே. கூட வேலை பாக்கற பொண்ணுங்க இருக்காங்களே. என்னைய எதுக்கு... என்ன சொல்லுச்சு? அது சொன்ன மாதிரியே சொல்லுங்க சார்.

"அவருக்கு என்னைப் பிடிக்காது. ஆனா பொய் சொல்ல மாட்டார்."

இப்படியா சொல்லுச்சு? இதே வார்த்தையா?

பஸ் வந்துடுச்சு. இல்ல சார், இருங்க. போகட்டும், இன்னொண்ணு வரும், நானே ஏத்தி விடறேன். பையை வைங்க. முதல்ல சொன்னேனே, சமையல், சிரிச்சுப் பேசறது, பிடிவாதம், அதையெல்லாம் விட்டுடுங்க. உங்க பையன் குடுத்து வச்சவன். அது இல்ல, வேற ஒண்ணு சொல்லணும்.

அந்த கேஜ் விஷயம் சார். நான் மறக்கலை.